மைக்காளான் சாப்பிட்ட மறுநாள்

"ஏம்மா, குடியை நிறுத்துறதுக்கு மாத்திரை ஏதாவது சாப்பிடுறியா?"

கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி இது. கேட்டவர் பணியிலிருந்த இளம் மருத்துவர். திரையைக் கூட இழுத்துவிடவில்லை. கட்டிலின் ஒரு பக்கம் என் அம்மா நின்றிருந்தார். மறுபக்கம் நின்றவர், அடுத்த மாதம் எனக்கு மாமியாராக வேண்டியவர்.

"அல்லாஹ்வே, பொம்பளப் புள்ளகிட்ட என்னா கேக்குறீங்க?" என்றார் அம்மா.

மாமி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்.

இதை எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. எழுதாமலிருக்கச் சொல்லித்தான் கேட்டார்கள். எங்கள் ஊர் லால்பேட்டை. என் அத்தா, அதாவது அப்பா, சவுதியில் லாரி ஓட்டுகிறார்; அவருக்குத் தன் பெயரை எழுத மட்டும் தெரியும். அம்மாவுக்கு அரபி ஓதத் தெரியும், தமிழ் படிக்க வராது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்தவள் நான். அங்கே நிற்காமல் சிதம்பரத்தில் தாவரவியல் முதுகலை வரை போனேன். படித்து முடித்து வந்ததும் வீட்டுக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகை போட்டு, வைக்கோல் பைகளில் சிப்பிக்காளான் வளர்த்து விற்றேன். "காளான்காரி" என்று தெருவில் கூப்பிட்டார்கள். நான் அதைப் பட்டமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கொட்டகைக்காக ஒரு பூவரச மரத்தை வெட்டியிருந்தோம். மழை விட்டதும் அதன் அடிக்கட்டையைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகக் காளான் முளைத்தது. சாம்பல் நிறம், முட்டை வடிவம், மேலே வழுவழுப்பு. பார்த்த உடனே தெரிந்துவிட்டது: மைக்காளான்.

இந்தக் காளானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மற்ற காளான்களில் குடைக்கு அடியிலிருக்கும் மடிப்புகள் இடைவெளி விட்டிருக்கும், வித்துகள் அந்த இடைவெளி வழியே உதிர்ந்து காற்றில் போகும். மைக்காளானில் மடிப்புகள் புத்தகத் தாள்களைப் போல நெருங்கியிருப்பதால் வித்து விழ இடம் கிடையாது. அதனால் அது தன்னைத்தானே செரித்துக்கொள்கிறது. விளிம்பில் வித்து முற்றியதும் அந்த விளிம்பை அதன் சொந்த நொதிகளே கரைக்கின்றன. கரைந்த பகுதி கறுப்பு மையாகச் சொட்ட, அடுத்த வரிசை வித்துகளுக்கு வழி பிறக்கிறது. இப்படியே கரைந்து, ஒரு நாளைக்குள் முழுக் குடையும் போய் வெறும் காம்பு நிற்கும். எங்கள் வைக்கோல் பைகளிலும் இதன் மெலிந்த உறவுக்காரக் காளான் ஒன்று களையாக வரும். அதைப் பிடுங்கி எறிவோம்.

உண்ணலாமா என்றால், உண்ணலாம், நிபந்தனையுடன். குடை மூடியிருக்கும்போதே, மடிப்புகள் வெள்ளையாக இருக்கும்போதே பறித்து உடனே சமைத்துவிட வேண்டும். இதில் இரண்டு வகை முக்கியம். உயரமாக, மேலே செதில் செதிலாகச் சுருண்டிருப்பது ஒன்று. அதனால் தொந்தரவு இல்லை. வழுவழுப்பான சாம்பல் நிறக் காளான் மற்றொன்று. அதில் கோப்ரின் என்ற பொருள் இருக்கிறது. கோப்ரின் உடம்பில் இருக்கும் நாட்களில் மது அருந்தினால் விஷமாகிவிடும். மது அருந்தாதவருக்கு ஒன்றும் செய்யாது.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் பறித்தேன். மிளகு தட்டிப் போட்டு, வெங்காயம் வதக்கி, இரவுச் சாப்பாட்டுக்கு நானே சமைத்தேன்.

"தெரியாத காளான வாயில வைக்கலாமாடி?" என்றார் அம்மா.

"எனக்குத் தெரிஞ்ச காளான்தாம்மா. குடிக்கிறவங்களுக்கு மட்டும்தான் இது விஷம். நம்ம வூட்டுக்குன்னே மொளச்சிருக்கு."

"அப்ப பள்ளிவாசல் தெருவுக்கே ஆக்கிப் போடலாம்னு சொல்லு."

இருவரும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டோம். ருசியாக இருந்தது. அம்மா இரண்டாம் முறை போட்டுக்கொண்டார்.

மறுநாள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் என் சான்றிதழ் நகல்களைக் கொடுக்க வேண்டியிருந்தது. மாமி வீடு அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி. மாமி அத்தாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா. அவர் மகனுக்குத்தான் என்னைப் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை துபாயில் இருந்தார். நிக்காஹ்வுக்கு முன்னால் பெண் அந்த வீட்டுப் படி ஏறுவது வழக்கமில்லை. ஆனாலும் மாமி போனில் விடவில்லை. "எந்தம்பி மவ எங்கூருக்கு வந்துட்டு ஓட்டல்ல திம்பாளா? ஒழுங்கா வூட்டுக்கு வாங்க."

பிரியாணி சாப்பிட்டு முடித்ததும் அம்மா என்னை உள்ளறைக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினார். கைப்பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து மருந்து ஊற்றினார்.

அந்த மருந்து என்னவென்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வருடமாக எனக்கு மாதவிலக்கின்போது ரத்தப்போக்கு அதிகம். சில நாட்களில் எழுந்து நிற்கவே முடியாது. டாக்டரிடம் போகலாம் என்று நான் சொன்னபோதெல்லாம் அம்மா பயந்தார். "பேசி முடிச்ச பொண்ண லேடி டாக்டருகிட்ட கூட்டிட்டுப் போனா ஊரு என்னா கதை கட்டும்? கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப்பூடும்." அதற்குப் பதிலாகக் காட்டுமன்னார்கோயிலில் நாட்டு மருந்துக் கடையிலிருந்து அசோகாரிஷ்டம் வாங்கி வந்தார். வேளை தவறக்கூடாது என்று கடைக்காரர் சொன்னதை அவர் கட்டாயக் கடமையான ஃபர்ளுத் தொழுகையைப் போலக் கடைப்பிடித்தார். அன்றைக்குப் பயணக் களைப்பு வேறு என்று வழக்கத்தைவிடக் கூடுதலாகவே ஊற்றினார்.

கூடத்துக்கு வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் என் முகம் தீப்பிடித்த மாதிரி ஆயிற்று. காதுமடல் வரை சூடு. நாக்கில் பழைய காசைச் சப்பியது போல உலோகச் சுவை. விரல் நுனிகளில் எறும்பு ஊர்ந்தது. பிறகு நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. அது அடிப்பதை என் சட்டைக்கு மேலேயே பார்க்க முடிந்தது. எழுந்து வாசலுக்குப் போவதற்குள் வாந்தி. என்னைத் தாங்கிப் பிடித்தவர் மாமிதான். பிடித்தவர் என் வாயருகே குனிந்தார். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆட்டோவில் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. இசிஜி எடுத்தார்கள். இதயத்தின் மேலறைகள் சீராகத் துடிக்காமல் நடுங்குகின்றன என்றார்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று அதற்குப் பெயர். மருத்துவர் கெட்டிக்காரர்தான் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். குடியை விடுவதற்காக ஒரு மாத்திரை தருவார்கள். அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் இதே சிவப்பு, இதே படபடப்பு, இதே வாந்தி வரும். அவர் அந்த மாத்திரையை நினைத்துத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வியால் மாமியின் கண்ணில் நான் குடிப்பவள் ஆனதோடு நிற்கவில்லை. குடியை விட வைத்தியம் பார்த்தும் விட முடியாதவள் ஆனேன்.

ரத்தத்தில் மது இருக்கிறதா என்று பார்த்தார்கள். கொஞ்சம் இருந்தது.

"கொஞ்சம்தான். ஆனா இருக்கு," என்றார் மருத்துவர்.

"நான் குடிக்கல சார்."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க. உன் நல்லதுக்குத்தான் கேக்குறேன்."

ட்ரிப்ஸ் ஏற்றியும் அழுத்தம் ஏறவில்லை. சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். மாமி ஆம்புலன்சில் ஏறவில்லை. புதுச்சத்திரம் தாண்டும்போது அம்மா என் காலைப் பிடித்துக்கொண்டு ஓதிக்கொண்டிருந்தார். நடுவில் ஓதுவதை நிறுத்திவிட்டு என் காதருகே குனிந்து கேட்டார்.

"காலேஜில எவளாச்சும் பழக்கி வுட்டாளா? சொல்லும்மா. அம்மாதான கேக்குறேன்."

நெஞ்சுக்குள் நடந்துகொண்டிருந்ததைவிட அது அதிகமாக வலித்தது.

சிதம்பரத்தில் முதலில் தீவிர சிகிச்சைப் பிரிவு. இதயம் தாளத்துக்குத் திரும்பியதும் பெண்கள் வார்டுக்கு மாற்றினார்கள். நான் படித்த ஊர் அது. என்னோடு படித்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டேன். பக்கத்துக் கட்டிலில் அண்ணாகிராமத்துக்காரம்மா ஒருவர், சர்க்கரை ஏறிப்போய்ப் படுத்திருந்தார். நர்சுகள் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"எங்க வூட்டுக்காரருக்குக் கூட அந்த மாத்திரையத்தான் சாம்பாருல கலந்து குடுத்தேன்," என்றார், ஆறுதல் சொல்வதாக நினைத்து. "ஒரு குவாட்டரு உள்ள போனதுமே மூஞ்சி பழுத்த மொளகா ஆயிடுச்சி. ஒனக்கு யாரு கலந்து வச்சது? புருசனா?"

"எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல."

"ஐயே, அதுக்கு முந்தியேவா!"

அம்மா எழுந்து வெளியே போய்விட்டார்.

அத்தா சவுதியிலிருந்து கூப்பிட்டார். யார் அவருக்குச் சொன்னார்களோ தெரியாது. சலாம் கூடச் சொல்லவில்லை. "அல்லா மேல ஆணையாக் கேக்குறேன். தொட்டியா, இல்லியா?"

"இல்லத்தா."

"ரத்தத்துல இருக்குங்குறாங்களே."

"இல்லத்தா."

அவர் அழுதார். ஒன்பதாவது முடித்ததும் என்னை நிறுத்திவிடச் சொன்ன உறவுக்காரர்களோடு சண்டை போட்டவர் அவர். அந்த அழுகையில் என்னைப் படிக்க வைத்ததற்கான வருத்தமும் இருந்தது. அது எனக்குக் கேட்டது.

வார்டுக்கு வந்த டாக்டரம்மா நிதானமானவர். அதே மாத்திரையைப் பற்றி அவரும் கேட்டார். இல்லை என்றதும் அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினார். மது உடம்புக்குள் போனதும் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறும். பிறகு ஒரு நொதி அதைத் தீங்கில்லாத அமிலமாக மாற்றிவிடும். மாத்திரை அந்த நொதியைக் கட்டிப்போடுவதால் நச்சு தேங்கி நிற்கும். அவர் சொல்லி முடிக்கும்போதே நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"மேடம், கோப்ரின்னு ஒண்ணு. மைக்காளான்ல இருக்கு. அதுவும் அந்த நொதியைத்தான் தடுக்கும். நான் முந்தின நாள் சாப்பிட்டேன்."

அவர் பாதி சிரிப்போடு என்னைப் பார்த்தார். போய்விட்டு மாலையில் வந்தார். சிரிப்பு இல்லை.

"நீ சொன்னது சரிம்மா. படிச்சுப் பார்த்தேன், எல்லாம் பொருந்துது. ஆனா ஒண்ணு. காளான் மட்டும் இதைச் செய்யாது. உங்கம்மாவும் சாப்பிட்டிருக்காங்க, நல்லாத்தான் இருக்காங்க. உனக்குள்ள மது போயிருக்கணும்."

என் படிப்பை வைத்து நானே நிரூபித்தது அதுதான்: நான் குடித்திருக்கிறேன்.

மாத்திரை இல்லை, காளான், சரி. மது எங்கிருந்து வந்தது? அன்றைக்கு என் வாயில் போனதை ஒவ்வொன்றாக நினைத்தேன். பிரியாணி, தயிர்ப் பச்சடி, தண்ணீர். உள்ளறை. சாத்திய கதவு. அந்த இனிப்பும் புளிப்பும் கலந்த வாடை. நொதித்தலைப் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். தினமும் மதியமும் இரவும் குடித்துவந்த ஒன்றை ஒரு முறையாவது முகர்ந்து யோசிக்கவில்லை. மருந்து என்றால் மருந்துதான் என்று இருந்துவிட்டேன்.

அம்மாவைப் பார்த்தேன். அம்மாவின் நினைப்பு எனக்கு முன்பே அந்த மருந்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

டாக்டரம்மா போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த மருந்தப் பத்தி மூச்சு விடாத. ஃபுட் பாய்சன்னு சொல்லிட்டு வூட்டுக்குப் போயிடுவோம்."

"மாமி நம்பிடுவாங்களா? வாடை புடிச்சவங்க அவங்க."

"நாளடைவுல மறந்துடுவாங்க. மருந்து எதுக்குன்னு தெரிஞ்சா, அத மறக்க மாட்டாங்க."

"அப்ப நான் குடிகாரின்னே இருக்கட்டுமா?"

அம்மாவுக்குக் கோபமில்லை, பயம்தான். அந்த நாட்களில் அவர் எனக்குச் செய்ததை நான் மறைக்க மாட்டேன். கேன்டீன் கஞ்சி பிடிக்காமல் நான் ஒதுக்கியபோது, ரயிலடி வரை நடந்துபோய் இடியாப்பம் வாங்கி வந்தார். ஆஸ்பத்திரி பில் கட்ட என் காளான் பணத்தைத் தொடாமல் தன் காது நகையைக் கழற்றினார். ஆனால் என்னை நம்புகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மருந்து தன் கையால் ஊற்றியது என்று தெரிந்த பிறகும் சொல்லவில்லை.

மறுநாள் டாக்டரம்மாவிடம் நான் சொல்லிவிட்டேன். அம்மா அப்போது குளிக்கப் போயிருந்தார். அரிஷ்டத்தை எப்படிச் செய்கிறார்கள் என்று டாக்டரம்மா சொன்னார். மருந்துக் கஷாயத்தில் வெல்லமும் பூவும் போட்டு மூடி நாட்கணக்கில் புளிக்க வைக்கிறார்கள். அதில் மது தானாக ஊறுகிறது. யாரும் கொண்டுவந்து ஊற்றுவதில்லை. மற்ற நாட்களில் அந்த அளவு என்னை ஒன்றும் செய்திருக்காது. காளான் சாப்பிட்ட இரவு குடித்ததும் கோப்ரின் வேலையைத் தொடங்கும் முன்பே கழிந்துபோயிருக்கும். கோப்ரின் இருந்ததால் அந்தக் கொஞ்சமே போதுமானதாக இருந்தது.

"எதுக்காக அரிஷ்டம்?" என்று கேட்டார். சொன்னேன். ஸ்கேன் எழுதினார். கருப்பையில் ஒரு நார்க்கட்டி, ஃபைப்ராய்டு என்பார்கள். புற்று இல்லை. சின்னது. தேவைப்பட்டால் எடுத்துவிடலாம், குழந்தை பெறத் தடையில்லை. "இதுக்கா ஒரு வருஷம் அரிஷ்டம் குடிச்ச?" என்றார். என்னைத் திட்டிய எல்லோரிலும் அவர் ஒருவர்தான் சரியான விஷயத்துக்குத் திட்டினார்.

அரிஷ்டத்தில் மது இருப்பது உறுதியானதும் அம்மா முதலில் கேட்டது கட்டியைப் பற்றி அல்ல. "அப்ப நானே ஹராம ஊத்திக் குடுத்துட்டேனா?" மருந்துக்கும் மதுவுக்கும் உள்ள எல்லையை மார்க்கம் படித்த ஆலிம்கள் சொல்லட்டும். தெரியாமல் செய்தவர் அவர் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொன்னேன். தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நெடுநேரம் அழுதார்.

மாமி வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். கட்டிலில் உட்காரவில்லை, ஸ்டூலை இழுத்துத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். மகன் காதுக்குப் போவதற்குள் சம்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்று வந்த முகம். அம்மா எனக்குப் பின்னால் நின்று என் தோளை அழுத்தினார். பேசாதே என்று அர்த்தம்.

"மாமி, நான் குடிக்கல," என்றேன். காளானைச் சொன்னேன். அரிஷ்டத்தைச் சொன்னேன். "எஞ் சொல்ல நம்ப வேணாம். டாக்டரம்மா இருக்காங்க, கேட்டுக்குங்க."

அவர் எழுந்து போய் உண்மையிலேயே கேட்டார். திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது. இந்த முறை கட்டிலிலேயே உட்கார்ந்தார். என் தலையைத் தடவினார்.

"அல்ஹம்துலில்லாஹ். வாடை அடிச்சதும் நான் என்னென்னமோ நெனச்சிட்டேன் புள்ள. மனசுல வச்சுக்காத."

ஆரஞ்சை உரிக்க ஆரம்பித்தார். ஒரு சுளையை எனக்கு ஊட்டினார். அடுத்த சுளையின் நாரை எடுத்துக்கொண்டே கேட்டார்.

"ஆமா, அரிஷ்டம் எதுக்கு?"

அம்மாவின் விரல்கள் என் தோளில் பதிந்தன. இங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பசி எடுக்கவில்லை என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் இத்தனை நாளும் நான் உண்மை பேசுகிறேன் என்று எல்லோரிடமும் மன்றாடியவள். அந்த வாயால் பொய் வரவில்லை. வரக்கூடாது என்றும் எனக்கு ஒரு திமிர் இருந்தது.

"மாசத்துல ஜாஸ்தியாப் போகுது மாமி. ஒரு வருஷமா."

"ஸ்கேன் பாத்தாங்களா?"

"சின்ன நார்க்கட்டி. எடுத்துடலாம். கொழந்தைக்கு ஒண்ணும் தடையில்லன்னு டாக்டரம்மா சொன்னாங்க. அதையும் அவங்ககிட்டயே கேட்டுக்குங்க."

"கட்டியா," என்றார் மாமி.

இந்த முறை அவர் எழுந்துபோய்க் கேட்கவில்லை. உரித்த சுளைகளைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்றார்.

நான் வீட்டுக்கு வந்த வாரமே, நடுவில் நின்று பேசிமுடித்த உறவுக்காரர் போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டார். "பொண்ணு மேல ஒரு கொறையும் சொல்லல. தங்கமான பொண்ணுன்னுதான் சொல்றாங்க. மொதல்ல ஒடம்பு தேறட்டுமாம். மாப்பிள்ளைக்கு லீவும் தள்ளிப் போகுதாம்." துபாய்க்காரரிடமிருந்து எனக்கு எதுவும் வரவில்லை. அவர் மேல் கோபப்படும் அளவுக்கு எனக்கு அவரைத் தெரியாது.

அத்தா கூப்பிட்டார். குரலில் நிம்மதி. "டாக்டரம்மாவே சொல்லிட்டாங்களாம்ல, நீ தொடலன்னு."

"நானும் அதைத்தானத்தா சொன்னேன்."

"இங்க சிக்னலு சரியில்லம்மா," என்றார்.

படிப்பவர்களுக்கு இரண்டு சொல்ல வேண்டும். காட்டிலும் கட்டையிலும் முளைக்கும் காளானை, நன்றாகத் தெரிந்தவர் உறுதி செய்யாமல் சாப்பிடாதீர்கள். கொல்லக்கூடிய காளான்களும் பார்க்க அழகாகவே இருக்கும். சாம்பல் மைக்காளானைச் சாப்பிட்டால் அடுத்த பல நாட்களுக்கு மது கூடாது. "எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை" என்பது போதாது. அரிஷ்டம், ஆசவம், சில இருமல் மருந்துகள், எல்லாவற்றிலும் மது இருக்கலாம். என் வயதுப் பெண்களுக்கு இன்னொன்று. ரத்தப்போக்கு அதிகமாக இருந்தால் மருத்துவரிடம் போங்கள். கல்யாணம் அதற்கு மருந்தில்லை.

கட்டியை எடுத்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். ஊரில் இப்போது நான் குடிகாரி என்று யாரும் பேசுவதில்லை. அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. என்னைப் பார்க்கும் பெண்கள் முதலில் என் வயிற்றைப் பார்க்கிறார்கள், பாவம் என்கிறார்கள்.

நேற்று மாலை அம்மா எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். நான் கேட்காமலே பேசினார். குரலில் கோபமில்லை. ஒரு கணக்கில் எங்கே தப்பினோம் என்று யோசிப்பவரைப் போல இருந்தார்.

"குடிச்சேன்னே ஒத்துக்கிட்டிருந்தா, அல்லாகிட்ட அழுது ஒரு தவ்பா கேட்டு முடிஞ்சிருக்கும்டி. தெரியாத வயசுன்னு மாமியும் மன்னிச்சிருப்பாங்க. இந்தக் கட்டிக்கு எங்க போயி தவ்பா கேக்குறது?"

அவர் சொன்னது சரிதான். குற்றம் செய்திருந்தால் அந்த வீட்டில் எனக்கு மன்னிப்பு இருந்திருக்கும். நான் ஒரு குற்றமும் செய்யவில்லை என்று நிரூபித்துவிட்டேன்.